டால்பினுக்கு மேலே பறவைகள்: மீனை மேலே கொண்டுவருவது யார்?

கடலில் டால்பின் கூட்டத்துக்கு மேலே பறவைகள் மொய்த்தால், "டால்பின் மீனைத் துரத்துகிறது, பறவை அதில் பங்கு எடுத்துக்கொள்கிறது" என்று உடனே எழுதிவிடுகிறோம். சில கடல்களில் அது சரிதான். வேறு சில கடல்களில் அந்த நேரத்தில் டால்பின் இரை தேடிக்கொண்டே இருக்காது. அதற்குக் கீழே நீந்தும் சூரை மீன்தான் சிறுமீன்களை மேல்மட்டத்துக்குத் துரத்தியிருக்கும். படகிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே காட்சியாகத் தெரியும். எது எது என்று பிரித்தறிய முதல் சில நிமிடங்களைக் கவனமாகப் பதிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான குறிப்பேடுகளில் அந்தச் சில நிமிடங்கள்தான் இருப்பதில்லை.

முதலில் பறவையின் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். கடற்பறவை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பறக்கும், ஆனால் ஆழத்துக்குப் போவதில் இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம் உண்டு. சூட்டி ஆலாவின் இறகுக்கு நீரைத் தாங்கும் தன்மை போதாது. அதனால் அது முழுகாமல், பறந்தபடியே நீர்மட்டத்தில் இருப்பதைக் கொத்தி எடுக்கும். போர்க்கப்பல் பறவையும் அப்படியே. பூபி மேலிருந்து விழுந்து சிறிது ஆழம் போகும். அட்லாண்டிக்கின் கோரி ஷியர்வாட்டர் இறக்கையால் துழாவி முழுகும், ஆனாலும் பெரும்பாலும் மேல் சில மீட்டருக்குள்ளேயே நிற்கும். கன்னெட் இவற்றில் தனி ரகம். 30 மீட்டர் உயரம் வரையிலிருந்து நெட்டுக்குத்தாக விழும், விழுந்த வேகம் தீர்ந்ததும் இறக்கையாலும் காலாலும் நீந்தி இன்னும் கீழே போகும். அந்த மோதலைத் தாங்க அதற்கு வெளிமூக்குத் துளை கிடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றறைகள் உண்டு.

ஆக, மீனை மேலே கொண்டுவர யாராவது இருந்தால்தான் சாப்பாடு என்ற நிலை ஆலாவுக்கு மிக அதிகம், ஷியர்வாட்டருக்கு அதற்கு அடுத்தபடி, கன்னெட்டுக்குக் குறைவு. இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

டால்பினே வேலை செய்கிற இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு அசோர்ஸ். லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 1,400 கி.மீ. தள்ளி, நடு அட்லாண்டிக்கில் 9 எரிமலைத் தீவுகள். கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரையிலிருந்து சில கி.மீ. போனாலே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தொட்டுவிடும். அதனால் ஆழ்கடல் டால்பின்களைத் தீவின் குன்றிலிருந்தே பார்க்கலாம். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்காகக் கட்டிய காவல் குடில்களில் இப்போது உலாப் படகுகளுக்காகக் கண்காணிப்பாளர்கள் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சாதாரண டால்பின் என்ற இனம் அங்கே ஆண்டு முழுதும் உண்டு. அட்லாண்டிக் புள்ளி டால்பின் கோடையில் வரும். உலகின் கோரி ஷியர்வாட்டர்களில் மிகப் பெரும் பங்கு இந்தத் தீவுகளில்தான் முட்டையிடுகிறது. டால்பினுக்கும் ஷியர்வாட்டருக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வாளர் ஏ. ஆர். மார்ட்டின் 1986-இல் தனிக் கட்டுரையே எழுதினார். எரிக் க்ளுவா, ஃப்ரெடெரிக் க்ரோவாலே இருவரும் 2001-இல் டால்பின், பெரிய சூரை, பறவை மூன்றும் சேரும் கூட்டங்களை விவரித்தார்கள்.

அங்கே நடப்பது இதுதான். டால்பின்கள் சிறுமீன் கூட்டத்துக்குக் கீழே போய், சுற்றிச் சுற்றி நீந்தி, அதை இறுக்கி மேலே தள்ளுகின்றன. சிறுமீனுக்கு ஆபத்து வந்தால் ஒன்றன் மறைவில் ஒன்று ஒளியும். அதனால் கூட்டம் தானாகவே பந்தாகச் சுருளும். நீர்மட்டம்தான் டால்பினுக்கு இலவசமாகக் கிடைக்கும் சுவர். பக்கவாட்டையும் அடியையும் மட்டும் அடைத்தால் போதும், மேலே மீன் தப்ப வழியில்லை. சில டால்பின்கள் சுற்றிக் காவல் நிற்க, சில உள்ளே பாய்ந்து வாய்க்கு அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு வெளியேறும். பிறகு முறை மாறும். இந்த நேரத்தில் ஷியர்வாட்டர்கள் வந்து இறங்கும். இறக்கையைப் பாதி விரித்தபடி நீரில் அமர்ந்து, தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்கும். மீன் எட்டும் ஆழத்தில் இருந்தால் அப்படியே இறக்கையை அடித்து உள்ளே போகும். பறவைக் கூட்டம் 10, 15 மீட்டர் அகலத்துக்குள் நெருங்கியிருந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தால், கீழே பந்து இறுகியிருக்கிறது என்று பொருள். அருகில் போனால் நீரில் செதில்கள் மினுமினுக்கும். மீன் எண்ணெய் பரவி அலையின் சிலிர்ப்பு அடங்கி வழவழப்பாகத் தெரியும். ஷியர்வாட்டர் குழாய் மூக்குப் பறவை, மோப்பம் கூர்மையானது. கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்தும் பறவைகள் காற்றை எதிர்த்து வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டால்பின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அதன் குதிப்பே சொல்லும். இதைத் தெளிவாக்கியவர்கள் பெர்ன்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் தம்பதியர். அர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவில் 1970-களில் கருநிற டால்பின்களைக் கரைமேட்டிலிருந்து கவனித்தார்கள். அங்கே இரை நெத்திலி இனம். இரை தேடும்போது டால்பின்கள் சிறு சிறு குழுக்களாகப் பரவியிருக்கும். ஒரு குழுவுக்கு மீன் அகப்பட்டால் மற்றவை வந்து சேர்ந்து 300 வரை ஆகும். தொடக்கத்தில் தலை முதலில் நீரைக் கிழித்துச் சத்தமில்லாமல் இறங்கும் குதிப்பு. அவசரமாக மூச்சு எடுத்துக் கீழே போவதற்கானது அது. இரை அடைபட்டிருக்கும்போது ஓரத்தில் உடம்பைப் படார் என்று அடித்து விழும் குதிப்பு. வயிறு நிறைந்தபின் சுழன்றும் புரண்டும் குதிக்கும் விளையாட்டு. மூன்றாவது ரகக் குதிப்பைப் பார்த்துவிட்டு "தீவிர இரைதேடல்" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்தக் கட்டத்தில் பறவைகளும் நீரில் சும்மா அமர்ந்திருக்கும்.

பறவையால் டால்பினுக்கு லாபமா நட்டமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கன்னெட் மேலிருந்து விழும்போது பந்து சிதறினால் டால்பின் மறுபடி சுற்ற வேண்டும். சிதறிய மீன் தனியாக அகப்பட்டால் அதே டால்பினுக்கு எளிது. பந்து பெரிதாக இருக்கும்வரை யாருக்கும் குறை இல்லை, சுருங்கச் சுருங்கப் போட்டி கூடும் என்று நினைப்பதுதான் நியாயமாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் கரையில் மே முதல் ஜூலை வரை நடக்கும் மத்தி ஓட்டத்தில் இது நன்றாகத் தெரியும். அங்கே டால்பின்கள் பெருங்கூட்டத்திலிருந்து ஒரு துண்டைப் பிரித்து மேலே கொண்டுவரும். பிறகு கேப் கன்னெட், சுறா, பிரைட் திமிங்கிலம் எல்லாம் அந்தத் துண்டின் மீதே விழும். திமிங்கிலம் வாயைத் திறந்து ஒருமுறை வந்தால் பந்து மொத்தமும் காலி.

இனி மற்றக் கதை. மெக்சிகோ முதல் பெரு வரையிலான கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக். புள்ளி டால்பின், சுழல் டால்பின் கூட்டங்களுக்குக் கீழே பெரிய மஞ்சள் துடுப்புச் சூரை சேர்ந்து நீந்தும். மேலே பூபி, ஷியர்வாட்டர், சூட்டி ஆலா, போர்க்கப்பல் பறவை. டேவிட் ஆவ், ராபர்ட் பிட்மன் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூவர் உறவைப் பிரித்துப் பார்த்தது. அங்கே டால்பினின் முக்கிய உணவு இரவில் மேலே வரும் விளக்கு மீன், கணவாய் வகைகள். பகலில் வேட்டையாடுவது சூரை. சூரை கீழிருந்து துரத்தும்போது கோலாமீன் நீரைவிட்டு எகிறும், அந்தரத்திலேயே ஆலா அதைப் பிடிக்கும். ஆக, பறவை பின்தொடர்வது சூரையை. டால்பினோடு சூரை இருப்பதால் டால்பினையும் பின்தொடர்வதாகத் தெரிகிறது.

அப்படியானால் சூரை ஏன் டால்பினோடு சேர்கிறது? மைக்கேல் ஸ்காட் உள்ளிட்டோர் 2012-இல் எழுதிய கட்டுரை கடலின் அமைப்பையே காரணமாகக் காட்டுகிறது. அங்கே சூடான மேல்நீரின் அடுக்கு மெல்லியது. அதற்குக் கீழே உடனே குளிர்நீர், அதிலும் உயிர்வளி மிகக் குறைவு. சூரையால் அங்கே நெடுநேரம் தங்க முடியாது. டால்பினும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே மெல்லிய அடுக்கில் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்த நிலையில் பெரிய கூட்டமாகச் சேர்ந்து திரிவது சுறா போன்ற எதிரிகளிடமிருந்து காப்பு. சாப்பாட்டுக்கான கூட்டு என்பதைவிடப் பாதுகாப்புக்கான கூட்டு என்ற இந்த விளக்கம்தான் இதுவரை தரவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

எந்தப் பறவை எங்கே என்பதற்கும் கணக்கு உண்டு. லிசா பாலன்ஸ், பிட்மன், ஸ்டீபன் ரைலி 1997-இல் காட்டியபடி, வளம் மிகுந்த நீரில் பூபிக் கூட்டங்கள், இடைப்பட்ட நீரில் ஆப்புவால் ஷியர்வாட்டரும் ஹுவான் ஃபெர்னாண்டஸ் பெட்ரலும், வறண்ட நீரில் சூட்டி ஆலா. பூபி வலியது, போட்டியில் ஜெயிக்கும், ஆனால் பறக்க அதற்குச் செலவு அதிகம். ஆலாவுக்குப் பறப்பது மலிவு. அதனால் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே தூரம் அதிகமான இடத்தில் அதுதான் தாக்குப்பிடிக்கும்.

இந்த உறவு டால்பினுக்குத் தந்த விலையைச் சொல்லாமல் போக முடியாது. 1950-களின் இறுதியிலிருந்து சுருக்குவலைக் கப்பல்கள் பறவையைத் தேடி, அதன் கீழ் டால்பினைத் தேடி, டால்பினைச் சுற்றி வலையிட்டுச் சூரையைப் பிடித்தன. பறவைக் கூட்டத்தைத் தொலைவிலேயே கண்டறியத் தனி ரேடார் வந்தது. மேலே ஹெலிகாப்டர், வளைத்து ஓட்ட விரைவுப் படகுகள். இந்த முறையில் செத்த டால்பின்கள் 60 லட்சத்துக்கும் மேல். 1972-இல் அமெரிக்கா கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1998-இல் பன்னாட்டு டால்பின் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1999-இல் நடைமுறைக்கு வந்தது. பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் கட்டாயம், ஆண்டுக்கு மொத்தச் சாவு 5,000-த்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு எல்லாம் அதில் வருகின்றன.

வலையில் செய்த மாற்றம் எளிமையானது, ஆனால் செய்நேர்த்தி வேண்டும். வலையில் பாதிக்கு மேல் ஏற்றியபின் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்துவார்கள். வலை நீண்ட ஓடைபோல் இழுபடும். அதன் கடைக்கோடியில் மிதவைக் கயிறு நீருக்குள் அமிழும், டால்பின்கள் அதன் மேலாக வெளியேறும். அந்தக் கோடியில் 1¼ அங்குலக் கண்ணிகொண்ட நெருக்கமான வலைத்துண்டு தைத்திருப்பார்கள். கேப்டன் ஹெரால்ட் மெடினாவின் பெயரால் அது மெடினா துண்டு. கண்ணி சிறியதானதால் மூக்கும் துடுப்பும் மாட்டாது. எங்கே தவறும் என்றால், நீரோட்டத்தில் வலை மடிந்து கூரைபோல் கவிழும்போது, அல்லது இருட்டிய பிறகும் வேலை முடியாதபோது. மூச்சுக்கு மேலே வர முடியாமல் டால்பின் சாகும். சாவு இப்போது ஆண்டுக்கு ஆயிரத்தைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்பத் துரத்தி வளைப்பதும், அதில் தாயும் குட்டியும் பிரிவதும் அந்த எண்ணிக்கையில் வராது. எனக்கு இதில் ஆறுதல் கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

இனி, கடலில் போகிறவர்கள் எப்படிப் பதிவுசெய்வது என்று பார்ப்போம்.

கண் உயரம் 3 மீட்டர் என்றால் உங்கள் அடிவானம் சுமார் 6 கி.மீ. 10 மீட்டர் உயரத்தில் பறக்கும் பறவை கணக்குப்படி 17 கி.மீ. வரை வானில் தெரிய வேண்டும். கண்ணும் ஆடியும் அவ்வளவு எட்டாது, ஆனாலும் டால்பினின் நீர்த்தெறிப்பைவிடப் பறவை எப்போதும் முன்னதாகவே தெரியும். ஆகவே பறவையின் நடத்தையிலிருந்தே குறிப்பைத் தொடங்குங்கள். வரிசையாக, தாழ்வாக, நேராகப் போனால் கூட்டுக்கோ மேய்ச்சலுக்கோ போகிறது. வளைந்து வளைந்து போனால் தேடுகிறது. ஒரே இடத்தில் வட்டமிட்டுக் கீழே பார்த்தால் ஏதோ அகப்பட்டிருக்கிறது. பாய்ந்து விழுந்தால் மீன் மேலே இருக்கிறது. நீரில் கும்பலாக அமர்ந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஷியர்வாட்டர்கள் இருட்டும்வரை காத்திருக்கத் தீவுக்கு அருகே மாலையில் கூட்டமாக மிதக்கும். காற்று இல்லாத நாளிலும் அப்படியே, அவற்றுக்குச் சறுக்கிப் பறக்கக் காற்று வேண்டும். இழுவைமடிப் படகு கழித்துப்போட்ட மீன், மிதக்கும் பிணம், நுரைக்கோட்டில் சேர்ந்த குப்பை ஆகியவையும் பறவையைக் கூட்டும்.

பார்த்ததும் எழுத வேண்டிய முதல் வரி: நேரம், இடம், அந்தக் கணத்தில் அங்கே யார் இருந்தார்கள். பறவை மட்டுமா, டால்பின் மட்டுமா, இரண்டுமா. பிறகு 10 நிமிடம் வரை, நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை ஓட்டி, இனவாரியாகப் பறவை எண்ணிக்கை, அவற்றில் எத்தனை இரை எடுக்கின்றன, டால்பின் என்ன செய்கிறது, சூரை குதித்ததா என்று எழுதுங்கள். "சுமார் 200 பறவை" என்று கடைசியில் எழுதும் ஒரே வரியால் யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பறவை, ஒருவர் டால்பின் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒருவரே இரண்டையும் பார்த்தால் பறவை கண்ணை இழுத்துக்கொள்ளும், டால்பின் வந்த நேரம் தாமதமாகவே பதிவாகும். கேமராவின் கடிகாரத்தை நம்பாமல், முதல் படமாக ஜிபிஎஸ் திரையின் நேரத்தை எடுத்துவைத்தால் பிறகு எல்லாப் படத்தையும் நொடி சுத்தமாகத் திருத்திக்கொள்ளலாம்.

தூரத்தைக் கண்மதிப்பில் எழுதாதீர்கள். அளவுகோடு உள்ள 7×50 தொலைநோக்கியில் அடிவானத்திலிருந்து கீழே எத்தனை மில் என்று பாருங்கள் (மில் என்பது கோண அலகு, 1,000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர்). 3 மீட்டர் கண் உயரத்தில் 5 மில் என்றால் சுமார் 500 மீட்டர், 2 மில் என்றால் சுமார் 1 கி.மீ., 1 மில் என்றால் சுமார் 1½ கி.மீ. உயரத்தை மில்லால் நேரடியாக வகுத்தால் 5 மில்லுக்கு 600 மீட்டர் வரும். அடிவானமே கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதைச் சேர்க்காததால் வரும் பிழை அது. இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும், 1 கி.மீ.-க்கு அப்பால் ஒரு மில் தவறினால் அரை கி.மீ. தவறும். ஆடும் சிறு படகில் அந்தத் தூரத்தை "1 கி.மீ.-க்கு மேல்" என்று மட்டும் எழுதுவதே நேர்மை.

அருகே போக வேண்டுமானால், பறவைக் கும்பலின் ஓரத்திலிருந்து குறைந்தது 100 மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நியூட்ரலில் நிறுத்துங்கள். உள்ளூர்ச் சட்டம் அதற்கு மேல் கேட்டால் அதுவே கணக்கு. காற்று வரும் பக்கத்தில் நிறுத்தினால் படகு மிதந்து நேராகப் பந்தின் மேலேயே போய்விடும். காற்று போகும் பக்கத்தில் நின்றால் மெல்ல விலகும். படகின் நிழலிலும் அடிப்புறத்திலும் சிறுமீன் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒருமுறை பந்து படகுக்கடியில் புகுந்தால் டால்பின் விட்டுவிட்டுப் போய்விடலாம், நீங்கள் பதிவுசெய்ய வந்த நிகழ்ச்சியை நீங்களே முடித்துவைத்ததாகும். மீன்காட்டும் கருவியையும் அணைத்துவிடுங்கள். அதன் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி டால்பினின் காதுக்கு நன்றாகவே கேட்கும்.

கணக்குப் போடும்போது வரும் பெரிய சிக்கல், நாம் பறவையைப் பார்த்துத்தான் டால்பினைத் தேடிப் போகிறோம் என்பது. பறவை இல்லாத டால்பின் கூட்டங்கள் தொலைவிலேயே விடுபட்டுப் போகும். அதனால் "டால்பினோடு பறவை இருந்த விகிதம்" உண்மையைவிட உயர்ந்தே வரும். இதைத் தவிர்க்க, முன்பே கோடு போட்டு அந்தக் கோட்டில் மட்டும் படகை ஓட்டி, தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டும். பறவையை எண்ணப் படகின் ஒரு பக்கம் 300 மீட்டர் அகலப் பட்டை என்பது வழக்கமான அளவு. பறந்து கடக்கும் பறவையைத் தொடர்ந்து எண்ணினால் எண்ணிக்கை வீங்கும், குறித்த இடைவெளியில் ஒரு கணம் மட்டும் எண்ண வேண்டும். காற்றையும் கட்டாயம் எழுதுங்கள். வெண்ணுரை எழும் கடலில் டால்பின் மறைந்து பறவை மட்டும் தெரியும். கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் டால்பின் நன்றாகத் தெரியும், பறவையோ எங்கோ உட்கார்ந்திருக்கும். இரண்டு நாளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், காற்றின் வேலையை உறவின் வேலையாக எண்ணிவிடுவோம்.

நம் பக்கத்துக் கடலில் இதைச் செய்ய நல்ல இடம் மாலத்தீவு–லட்சத்தீவு வரிசை. மாலத்தீவு மீனவர்கள் பெரிய மஞ்சள் துடுப்புச் சூரையைப் புள்ளி டால்பின், சுழல் டால்பின் கூட்டங்களோடு தேடிக் கைத்தூண்டிலில் பிடிக்கிறார்கள். சார்லஸ் ஆண்டர்சன், அகமது ஷான் இருவரும் 1998-இல் அதை எழுதினார்கள். வரிச்சூரை பறவையோடு சேரும், டால்பினோடு சேர்வதில்லை என்பது அங்கே தெளிவு. லட்சத்தீவிலும் உயிர் இரை வீசித் தூண்டில்கம்பில் வரிச்சூரை பிடிப்பவர்கள் பறவையைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார்கள். பிட்டி தீவில் சூட்டி ஆலாவும் பழுப்பு நோடியும் கூடு வைக்கின்றன. அந்தப் படகுகளில் ஏறும் மாணவர் எவராவது இருந்தால், மீனவரிடம் "பறவை எங்கே?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பறவை, எவ்வளவு உயரத்தில், கொத்தியதா பாய்ந்ததா, கீழே வரிச்சூரையா மஞ்சள் துடுப்பா, டால்பின் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, பறவை கலைந்தபோது மீன் இறங்கியதா தீர்ந்ததா என்று தனித்தனியாகக் கேட்டு, சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, நீங்கள் கண்ணால் கண்டதை அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் தனியாக எழுதுங்கள்.